கத்தி கடைசியில்: ஆட்டு மூளையை வைத்து நரம்பு மண்டலத்தைப் படிக்க முழுமையான வழிகாட்டி

சேலம் அம்மாப்பேட்டையில் என் வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமைதோறும் பிளஸ் டூ, நர்சிங் முதலாண்டுப் பிள்ளைகள் சிலர் கூடுகிறார்கள். மூளைப் பாடம் வரும்போது எல்லோரும் ஒரே இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள். புத்தகத்தில் உள்ள படத்தைப் பெயர்களோடு மனப்பாடம் செய்துவிட்டு வருகிறார்கள். நிஜ மூளையைக் கையில் கொடுத்தால் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்றே சொல்ல முடிவதில்லை. தட்டையான படத்தில் கற்றது உருண்டையான பொருளுக்கு உதவாது.

அதனால் வரிசையை மாற்றினேன். சொல், பொருள், வெளிப்புறம், அடிப்புறம், அதன் பிறகு வெட்டு, பிறகு நம் சொந்த உடம்பு, எல்லாம் முடிந்த பின் படம். இதற்கு ஒரு முழு நாள் வேண்டும். காலையில் ஆட்டு மூளை, மதியம் உங்கள் கைகால்.

1. முதலில் ‘நரம்பு’ என்ற சொல்லைச் சரிசெய்யுங்கள்

பாதிக் குழப்பம் நம் பேச்சில்தான் இருக்கிறது. முன்கையில் பச்சையாகப் புடைத்துத் தெரிவதை நாம் நரம்பு என்கிறோம். அது சிரை, ரத்தக்குழாய். ஊசி போடும்போது “நரம்பு கிடைக்கவில்லை” என்று சொல்வதும் சிரையைத்தான். குதிகாலுக்கு மேல் கயிறு போல் இருப்பதையும் நரம்பு என்கிறோம், அது தசைநாண். இலையில் ஓடுவதும் நரம்பு, யாழில் கட்டியதும் நரம்பு. ஒரே சொல்லை இத்தனை பொருளுக்கு வைத்துக்கொண்டு நரம்பு மண்டலம் படித்தால், நரம்புக்குள் ரத்தம் ஓடுகிறது என்று விடைத்தாளில் எழுதத்தான் தோன்றும்.

தெளிவு பெற இரண்டு வேலைகள். முழங்கையை மடக்கி, உட்பக்கம் துருத்தும் எலும்புக்கும் முழங்கை முனைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தில் விரலை வைத்து மெதுவாக உருட்டுங்கள். வழுக்கி வழுக்கி நகரும் ஒரு தண்டு தட்டுப்படும். சற்று அழுத்தினால் சுண்டுவிரல்வரை சுரீர் என்று பாயும். அதுதான் நிஜமான நரம்பு. எங்கே இடித்தாலும் வராத அந்த மின்சாரம் முழங்கையில் இடித்தால் மட்டும் வருவதன் காரணம், அந்த இடத்தில் அது எலும்புக்கும் தோலுக்கும் நடுவே காவலின்றி ஓடுவதுதான்.

இரண்டாவது வேலை கறிக்கடையில். ஆட்டின் பின்தொடைச் சதையை விலக்கினால் பென்சில் கனத்தில் வெள்ளையாக ஒரு தண்டு கிடைக்கும். ரத்தக்குழாய் என்றால் நடுவில் துளை இருக்கும். தசைநாண் என்றால் பளபளத்து, ஒரு முனை எலும்பில் ஒட்டியிருக்கும். நரம்புக்குத் துளையும் இல்லை, எலும்பில் பிடிப்பும் இல்லை. ஊசியால் கீறினால் நூல் நூலாகப் பிரியும். ஒவ்வொரு நூலுக்குள்ளும் ஆயிரக்கணக்கான ஆக்ஸான்கள். ஒரு ஆக்ஸான் என்பது ஒரே ஒரு நரம்பு செல்லின் வால். நம் இடுப்பளவில் தண்டுவடத்துக்குள் இருக்கும் செல்லின் வால் கால்விரல்வரை, ஏறக்குறைய ஒரு மீட்டர் போகிறது. செல்லின் உடலோ நுண்ணோக்கி இல்லாமல் தெரியாது.

2. கறிக்கடையில் கேட்க வேண்டியவை

மேச்சேரிச் செம்மறியானாலும் சேலம் கருப்பு வெள்ளாடானாலும் மூளையின் அமைப்பு ஒன்றுதான். எது கிடைக்கிறதோ அதை வாங்கலாம். முக்கியம் எடுக்கும் விதம்.

நான் முதல் முறை வெறுமனே “மூளை ஒன்று கொடுங்கள்” என்று கேட்டு, ஆறு துண்டாக வாங்கி வந்தேன். அடுத்த வாரம் புகார் சொன்னால் கடைக்காரர் சிரித்தார்: “வறுத்தால் எப்படியும் உதிரத்தானே போகிறது, சார்?” அவர் சொல்வதும் சரிதான். எனவே எதற்கு என்று சொல்லிவிடுங்கள். மண்டையோட்டை நடுவில் பிளக்காமல், மேற்பகுதியை மூடிபோல் சுற்றிக் கொத்தி எடுத்து, முழுதாகத் தரச் சொல்லுங்கள். தலையைத் தீயில் வாட்டுவதற்கு முன்பே எடுக்க வேண்டும். வாட்டிய தலையில் மூளையின் மேற்பரப்பு வெந்து உறைகள் ஒட்டிக்கொள்கின்றன.

கூடவே இன்னொரு தலையை நட்டநடுவே இரண்டாகப் பிளந்து, மூளையை எடுக்காமல் அப்படியே வாங்குங்கள். முழுதாக எடுத்த மூளையில் பிட்யூட்டரி சுரப்பி இருக்காது. அது மண்டையோட்டின் அடியில் ஒரு சின்னக் குழியில் உட்கார்ந்திருப்பதால், மூளையைத் தூக்கும்போது காம்பு அறுந்து அங்கேயே தங்கிவிடுகிறது. பிளந்த தலையில்தான் அந்தக் குழியைப் பார்க்க முடியும். சுரப்பி எங்கே போயிற்று என்று அரை மணி நேரம் தேடியவர்களை எனக்குத் தெரியும். நானும் அவர்களில் ஒருவன்.

முதுகெலும்புத் துண்டு இரண்டும் கேளுங்கள். அதன் நடுத்துளையில் இருக்கும் வெள்ளைக் குழம்புத் தண்டுதான் தண்டுவடம். நல்லி எலும்பில் உறிஞ்சும் மஜ்ஜையோடு இதைக் குழப்பாதீர்கள். மஜ்ஜை எலும்புக்குள் இருப்பது, ரத்த செல்களை உருவாக்குவது. தண்டுவடம் எலும்புகள் சேர்ந்து அமைத்த குகைக்குள் இருப்பது.

3. விறைக்க வையுங்கள்

புதிய மூளை கட்டித் தயிர் பதத்தில் இருக்கும். அப்படியே கத்தி வைத்தால் நசுங்கும். ஒரு லிட்டர் தண்ணீருக்கு இரண்டு சிறு கரண்டி உப்பு போட்டு, அதில் அலசி, கிண்ணத்தில் வைத்து ஃப்ரீசரில் சுமார் ஒரு மணி நேரம் விடுங்கள். வெளிப்புறம் விறைத்து, உள்ளே இன்னும் மெத்தென்று இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். முழுக்க உறைந்தால் பனித்துகள்கள் திசுவைக் கிழித்துவிடும், உருகும்போது கூழாகும்.

வெறும் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். உப்பில்லாத நீரைத் திசு உறிஞ்சி ஊதிவிடும்.

பள்ளி ஆய்வகம் என்றால் 10 சதவீத ஃபார்மலினில் இரண்டு வாரம் வைக்கலாம். ரப்பர் போலக் கெட்டியாகி அழகாக வெட்டுப்படும். ஆனால் ஃபார்மலின் நச்சு, புற்றுநோய் வரவழைக்கக்கூடியது. காற்றோட்டமும் கையுறையும் பொறுப்பான ஆசிரியரும் இல்லாத வீட்டில் அது வேண்டாம்.

மேசைக்கு வேண்டியவை: கையுறை, நீளமான மெல்லிய கத்தி, முனை மழுங்கிய இடுக்கி, தண்ணீர்க் கிண்ணம், நிறத் தலையுள்ள குண்டூசிகள், நாலைந்து ஈர்க்குச்சி, சொட்டு நீலம். சமையலுக்குப் பயன்படும் பலகையை எடுக்காதீர்கள். அம்மாவிடம் திட்டு வாங்குவது தனி.

4. கையில் எடுத்ததும் திசை குறியுங்கள்

இடப்பக்கத்தில் ஒரு சிவப்புக் குண்டூசி குத்துங்கள். மூளையைக் கவிழ்த்துப் போடும்போது இடம் வலமாக மாறித் தெரியும். குண்டூசி இல்லாத மேசையில் பாதிப் பேர் இங்கேயே தவறிவிடுவார்கள்.

முன் எது என்று அறிய எளிய வழி: மேடு பள்ளமாக இரண்டு பெரிய பாதிகள் இருப்பது பெருமூளை. அதற்குப் பின்னால், நெருக்கமான மெல்லிய வரிகளோடு கைமுட்டி போல் இருப்பது சிறுமூளை. சிறுமூளை இருக்கும் பக்கம் பின்பக்கம். அங்கிருந்து கீழே இறங்கும் தண்டு முகுளம்; அது தொடர்ந்து தண்டுவடமாகிறது.

இந்த இடத்தில் ஒரு பெரிய வேறுபாட்டை மனதில் வையுங்கள். ஆடு நாலு காலில் நிற்கிறது; அதன் மூளையும் தண்டுவடமும் ஏறக்குறைய ஒரே கோட்டில் படுத்திருக்கின்றன. நாம் நிமிர்ந்து நிற்பதால் நம் தண்டு செங்குத்தாக இறங்குகிறது, பெருமூளை முன்னோக்கி மடங்கிப் பெருத்து சிறுமூளையை மேலிருந்து மூடிவிடுகிறது. ஆட்டில் ‘பின்னால்’ இருக்கும் சிறுமூளை நமக்குப் ‘பின்னால் கீழே’ இருக்கிறது.

எடையும் பாருங்கள். ஆட்டு மூளை 100 முதல் 150 கிராமுக்குள் இருக்கும். மனித மூளை 1,300 முதல் 1,400 கிராம். உடல் எடையில் 2 சதவீதம்தான், ஆனால் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கை அது வாங்கிக்கொள்கிறது.

5. உறைகளைத் தண்ணீருக்குள் உரியுங்கள்

மூளையை மூன்று உறைகள் போர்த்தியிருக்கின்றன. வெளியே தோல் போல் தடித்தது டியூரா மேட்டர். பெரும்பாலும் அது மண்டையோட்டிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். பிளந்த தலையில் அதைத் தேடுங்கள். நடுவில் சிலந்தி வலை போன்ற அரக்னாய்டு. மூளையோடு ஒட்டி, ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் இறங்கி ரத்தக்குழாய்களைச் சுமப்பது பயா மேட்டர்.

காற்றில் உரித்தால் இரண்டும் மூளையோடு ஒட்டி ஒன்றாகத் தெரியும். கிண்ணத்துத் தண்ணீருக்குள் மூழ்கடித்து இடுக்கியால் தூக்கினால், நடு உறை மிதந்து விரிந்து தனியாக நிற்கும். அதற்கும் பயா மேட்டருக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் மூளைத் தண்டுவடத் திரவம் ஓடுகிறது. மனித உடலில் எந்த நேரத்திலும் சுமார் 150 மில்லி இருக்கும். ஒரு நாளில் சுமார் 500 மில்லி சுரக்கிறது. அப்படியென்றால் தினமும் மூன்று முறைக்கு மேல் பழையது போய்ப் புதியது வருகிறது. ஒன்றரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைந்த மூளை தன் எடையாலேயே நசுங்காமல் இருப்பது இந்தத் திரவத்தில் மிதப்பதால்தான்.

உரிக்கும்போது அவசரப்பட்டால் அடிப்புறத்து நரம்புகள் உறையோடு சேர்ந்து பிய்ந்து வந்துவிடும். அதனால் மேற்புறத்தை மட்டும் உரியுங்கள். அடிப்புறத்தை அடுத்த படி முடியும்வரை தொடாதீர்கள்.

6. கவிழ்த்துப் போட்டு அடிப்புறத்தைப் பாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் இந்தப் படியைத் தாண்டிவிட்டு வெட்டப் போகிறார்கள். நான் இங்கே கால் மணி நேரம் கட்டாயம் உட்கார வைப்பேன். மூளைக்குள் என்ன வருகிறது, என்ன வெளியே போகிறது என்பதை வாசற்படியில் நின்று பார்ப்பது போன்றது அடிப்புறம்.

முன்னாலிருந்து தொடங்குங்கள். இரண்டு கரண்டி போல் நீட்டிக்கொண்டிருப்பவை மோப்பக் குமிழ்கள். ஆட்டுக்கு இவை பெரியவை, நமக்கு மிகச் சிறியவை. கொஞ்சம் பின்னால் வெள்ளையாக ஒரு பெருக்கல் குறி தெரியும். இரு கண்ணிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் சந்திக்கும் இடம் அது. மனிதனில் பாதி இழைகள் மட்டும் இங்கே பக்கம் மாறுகின்றன. ஆட்டுக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் அதைவிடப் பெரும்பங்கு பக்கம் மாறுகிறது. குறிக்குச் சற்றுப் பின்னால் சின்னத் துளையோடு ஒரு காம்பின் மிச்சம் தெரிந்தால் அதுதான் அறுந்துபோன பிட்யூட்டரியின் காம்பு. அதற்கு மேலே உள்ளே இருப்பது ஹைப்போதலாமஸ்: பசி, தாகம், உடல் வெப்பம், ஹார்மோன்கள் எல்லாம் அதன் பொறுப்பு.

அதன் பிறகு குறுக்காக ஒரு பட்டை, பான்ஸ். அதன் இரு பக்கமும் தடித்த நரம்பு ஒன்று வெளியேறும். முகத்தின் தொடு உணர்வையும் மெல்லும் தசைகளையும் கவனிக்கும் ஐந்தாம் கபால நரம்பு. நாள் முழுவதும் அசைபோடும் விலங்கில் அது எத்தனை தடிமன் என்று பார்த்துக்கொள்ளுங்கள். கபால நரம்புகள் மொத்தம் 12 இணை. எல்லாவற்றையும் இங்கே தேடிக் கண்டுபிடிக்க முயலாதீர்கள், நாலைந்து கிடைத்தால் போதும்.

கடைசியில் முகுளம். மூச்சு, இதயத் துடிப்பு, ரத்த அழுத்தம், வாந்தி ஆகியவற்றை நடத்தும் மையங்கள் இங்கேதான் இருக்கின்றன. பெருமூளையிலிருந்து இறங்கும் இயக்க இழைகளில் பெரும்பாலானவை பக்கம் மாறுவதும் முகுளத்தின் கீழ்ப்பகுதியில்தான். இடது மூளையில் அடைப்பு ஏற்பட்டால் வலது கைகால் விழுவதற்கு இந்தக் குறுக்குப் பாதையே காரணம். முகம் கோணி, கை தொங்கி, வாய் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழைக்க வேண்டும். அடைப்பைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக முதல் நாலரை மணி நேரத்துக்குள்தான் கொடுக்க முடியும்.

இப்போது மூளையை நிமிர்த்தி, சிறுமூளையைக் கட்டைவிரலால் மெதுவாகக் கீழே வளையுங்கள். இடுக்கில் நான்கு குமிழ்கள் தெரியும். பாடப்புத்தகத்தில் கார்போரா குவாட்ரிஜெமினா என்று பயமுறுத்துவது இதுதான். முன்னிரண்டும் பார்வையோடும், பின்னிரண்டும் கேட்டலோடும் தொடர்புடையவை. அவற்றுக்கு முன்னால் ஊறிய ஜவ்வரிசி போல் ஒன்று ஒட்டியிருந்தால் அது பீனியல் சுரப்பி. ஜவ்வரிசி ஊர்க்காரர்களுக்கு இந்த அடையாளம் மறக்காது.

7. முதல் வெட்டு

கத்தியை நனைத்துக்கொள்ளுங்கள், உலர்ந்த அலகில் திசு ஒட்டும். மூளையின் இரு பாதிகளையும் விரலால் விலக்கி, நடுப்பிளவின் ஆழத்தில் வெள்ளைப் பட்டை ஒன்று தெரிகிறதா என்று முதலில் பாருங்கள். அதுதான் கார்பஸ் கலோசம். அதன் நட்டநடுவில் கத்தியை வைத்து, முன்னிருந்து பின்னாக ஒரே இழுப்பில் அடிவரை கொண்டுபோங்கள். ரம்பம் போல முன்னும் பின்னும் அறுத்தால் உள்ளே இருக்கும் மெல்லிய சுவர்கள் கிழிந்துவிடும்.

வெட்டு முகத்தில் வளைந்த வெள்ளைப் பட்டையாகத் தெரியும் கார்பஸ் கலோசத்தைப் புரியவைக்க, எங்கள் தெருத் தறியைக் காட்டுவேன். பாவு நூல் நீளவாக்கில் ஓடும். ஊடை குறுக்கே போய் வரும். இந்தப் பட்டை ஊடை: இட மூளையையும் வல மூளையையும் இணைக்கும் குறுக்கு இழைகள், மனிதனில் சுமார் 20 கோடி. மூளையிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இழைகள் பாவு. நரம்பு மண்டலத்தின் வெண்மைப் பகுதி முழுவதும் இப்படிப் பாவும் ஊடையும்தான்.

பட்டைக்குக் கீழே உருண்டையாக இருப்பது தலாமஸ். மோப்பம் தவிர மற்றப் புலன்களின் செய்தியெல்லாம் இங்கே நின்றுதான் மேலே போகிறது. பின்னால் சிறுமூளையின் வெட்டு முகத்தில் பெரணி இலை போல வெள்ளைக் கிளைகள் விரிந்திருக்கும். இதைப் பார்த்ததும் மாடியில் எப்போதும் ஒரு ‘அட!’ கேட்கும். மனித மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பு செல்கள். எடையில் பத்தில் ஒரு பங்கே உள்ள சிறுமூளையில்தான் அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு நெருக்கிக்கொண்டு இருக்கிறது.

இப்போது ஈர்க்குச்சி. நான்கு குமிழ்களுக்கு அடியில் ஊசித்துளை போல ஒரு வழி தெரியும். ஈர்க்குச்சியின் முனையைத் தேய்த்து மழுக்கி, அந்தக் கால்வாயில் படுக்க வையுங்கள். முன்முனை தலாமஸைச் சுற்றியுள்ள, திரவம் நிறைந்த மூன்றாம் அறையிலும், பின்முனை சிறுமூளைக்குக் கீழே உள்ள நான்காம் அறையிலும் நிற்கும். ஒரு துளி சொட்டு நீலம் விட்டால் திரவத்தின் பாதை நிறமாகவே ஓடும். இந்தக் குறுகிய கால்வாய் அடைபட்டால் மேலே உள்ள அறைகளில் திரவம் தேங்கும். சில குழந்தைகளுக்குத் தலை பெருப்பதன் காரணங்களில் ஒன்று இது.

8. இரண்டாம் வெட்டும் தண்டுவடமும்

ஒரு பாதியை எடுத்து, பார்வை நரம்புகளின் பெருக்கல் குறி இருந்த இடத்தில் குறுக்காக, ரொட்டித் துண்டு போடுவது போல் வெட்டுங்கள். விளிம்பில் ஒரு நிறம், உள்ளே வெள்ளை. விளிம்பு சாம்பல் நிறப் பகுதி. ஆனால் சாம்பலைத் தேடாதீர்கள். புதிய மூளையில் அது இளஞ்சிவப்பு கலந்த பழுப்பு. மனிதனில் இந்த விளிம்பின் கனம் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். அத்தனை மெல்லிய விரிப்பை மண்டைக்குள் அடைக்க வேண்டியிருப்பதால்தான் மடிப்பு மடிப்பாகச் சுருட்டியிருக்கிறது. எட்டு முழ வேட்டியைப் பைக்குள் திணிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி முதுகெலும்புத் துண்டிலுள்ள தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டுங்கள். இங்கே தலைகீழ்: வெள்ளை வெளியே, சாம்பல் உள்ளே, பட்டாம்பூச்சி வடிவில். தேர்வில் இதை மாற்றி எழுதாத பிள்ளைகளே அரிது. காரணம் தெரிந்தால் மாறாது: பெருமூளையில் செல்களின் உடல்கள் மேற்பரப்பில் விரிந்திருக்கின்றன, இழைகள் உள்ளே இறங்குகின்றன, தண்டுவடத்தில் ஏறி இறங்கும் நீண்ட இழைகள் வெளிவட்டத்தில் ஓடுகின்றன, செல்கள் நடுவில் இருக்கின்றன.

மனிதனுக்குத் தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகள் கிளம்புகின்றன. தண்டுவடம் முதுகெலும்பின் அடிவரை போவதில்லை; பெரியவர்களுக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பின் முதல், இரண்டாம் கண்ணிகளுக்கருகே முடிந்துவிடும். அதற்குக் கீழே குதிரை வால் போல் நரம்புக் கற்றை மட்டும்தான். முதுகில் ஊசி குத்தித் திரவம் எடுப்பவர்கள் அதற்குக் கீழே குத்துவது அதனால்தான்.

9. ஆட்டிலிருந்து உங்கள் தலைக்கு

ஆட்டு மூளையில் பார்த்ததை மனிதத் தலைக்கு மாற்றாவிட்டால் காலை வீண். குளியலுக்கான பிளாஸ்டிக் தொப்பியை நண்பர் தலையில் மாட்டி, மார்க்கரால் வரையுங்கள். நெற்றிக்குப் பின்னால் நெற்றிமடல்: திட்டமிடல், அடக்கிக்கொள்ளல், அசைவு. உச்சியில் உச்சிமடல்: தொடு உணர்வு, இடம் பற்றிய அறிவு. காதுக்கு மேல் பொட்டுமடல்: கேட்டல், அதன் உட்புறத்தில் புதிய நினைவுகளைப் பதிக்கும் ஹிப்போகாம்பஸ். பிடரியில் பிடரிமடல்: பார்வை. கண் முன்னால் இருக்க, பார்வை ஏன் பின்னால் என்று யாராவது கேட்பார்கள். கேட்கட்டும், அடிப்புறத்துப் பெருக்கல் குறியிலிருந்து பாதையை அவர்களையே விரலால் தொடரச் சொல்லுங்கள்.

பிறகு ஒரு காதிலிருந்து மறு காதுக்கு உச்சி வழியாக ஒரு கோடு. அதன் முன்விளிம்பு உடலை அசைக்கும் பட்டை, பின்விளிம்பு உணரும் பட்டை. அந்தப் பட்டையில் முதுகுக்குக் கிடைக்கும் இடம் கொஞ்சம், விரல்நுனிக்கும் உதட்டுக்கும் நிறைய. இதை நம்பாதவர்களுக்காக அடுத்த படியின் முதல் சோதனை.

10. மதியம்: உயிருள்ள நரம்பு

இரண்டு ஈர்க்குச்சி முனைகளைச் சேர்த்துப் பிடித்து, கண் மூடியவரின் விரல்நுனியில் தொடுங்கள். 2 அல்லது 3 மில்லிமீட்டர் இடைவெளியிலேயே ‘இரண்டு’ என்பார். முதுகில் அதே ஆள், 3 சென்டிமீட்டர் இடைவெளியிலும் ‘ஒன்று’ என்றே பெரும்பாலும் சொல்வார். இரண்டு முனைகளும் ஒரே நேரத்தில் தொட வேண்டும். முன்பின்னாகத் தொட்டால் எங்கே வைத்தாலும் இரண்டாகத்தான் தெரியும். இதில்தான் சோதனை கெட்டுப்போகிறது.

அடுத்தது முழங்கால். மேசை விளிம்பில் கால் தொங்க உட்கார வைத்து, முட்டிச் சில்லுக்கு நேர்க் கீழே உள்ள மெத்தென்ற பட்டையை உள்ளங்கையின் விளிம்பால் தட்டுங்கள். சில்லின் மேலேயே தட்டுவது வழக்கமான தவறு. கால் உதறும். தொடைத் தசை இழுபட்ட செய்தி தண்டுவடத்துக்குப் போய், ஒரே ஒரு நரம்பிணைப்பைத் தாண்டித் திரும்பிவிடுகிறது. மூளைக்குச் செய்தி பிறகுதான் தெரியும். உதறவில்லை என்றால் அவர் காலை இறுக்கிப் பிடித்திருக்கிறார். இரு கை விரல்களையும் கோத்து இழுக்கச் சொல்லிவிட்டுத் தட்டினால் கவனம் திரும்பி, கால் துள்ளும்.

தோசைக்கல்லில் கைபட்டதும் இழுத்துக்கொள்வதும் தண்டுவட வேலைதான். இழுத்த பின்புதான் எரிகிறது. கூர்ந்து கவனித்தால் எரிச்சல் இரண்டு தவணையாக வரும்: முதலில் சுருக்கென்று ஒன்று, அப்புறம் நின்று எரியும் ஒன்று. முதலாவதைச் சுமக்கும் இழைகளுக்கு மையலின் என்ற கொழுப்பு உறை உண்டு; நொடிக்கு 5 முதல் 30 மீட்டர் ஓடும். இரண்டாவதன் இழைகளுக்கு உறை இல்லை. நொடிக்கு 2 மீட்டருக்கும் குறைவு.

மூளை வழியாகப் போகும் செயலுக்கு எத்தனை நேரமாகும் என்று அளக்க, ஸ்கேல் ஒன்று போதும். நீங்கள் மேல்முனையைப் பிடியுங்கள். நண்பர் விரல்களைப் பூஜ்யத்துக்கு நேராகத் திறந்து வைக்கட்டும். சொல்லாமல் விடுங்கள். 15 சென்டிமீட்டரில் பிடித்தால் 0.17 நொடி, 20 என்றால் 0.20 நொடி, 30 என்றால் 0.25 நொடி. கண், பிடரி, நெற்றிமடல், அசைக்கும் பட்டை, முகுளத்தில் குறுக்குப் பாதை, தண்டுவடம், கை என்ற முழுச் சுற்றுக்கும் ஆகும் நேரம் இது.

பிறகு பத்து ரூபாய் நோட்டு. நண்பரின் விரல்கள் நோட்டின் நடுவில் இருக்கட்டும். “பிடித்தால் நோட்டு உனக்கே.” கீழிருக்கும் பாதி நழுவிப் போக 0.11 நொடிதான். பந்தயத்தில் இதுவரை நான் இழந்தது ஒரே ஒரு நோட்டு. அந்தப் பெண் நோட்டைப் பார்க்காமல் என் கட்டைவிரலைப் பார்த்து, நான் விடுவதற்கு முன்பே ஊகித்து மூடிவிட்டாள். அதற்குப் பின் துணியால் கையை மறைத்துக்கொள்கிறேன்.

தானியங்கு நரம்பு மண்டலத்துக்கு மணிக்கட்டு நாடி போதும். மெதுவாக மூச்சை இழுக்கும்போது துடிப்பு சற்று விரையும், விடும்போது தணியும். முகுளத்திலிருந்து இதயத்துக்குப் போகும் பத்தாம் கபால நரம்பு, வேகஸ், கடிவாளத்தை விட்டுப் பிடிப்பதுதான் விரலில் தெரிகிறது.

11. முடிந்தால் ஏற்காடு பஸ்

சிறுமூளையையும் சமநிலையையும் மாடியில் சொல்லிக்கொடுப்பது கடினம். 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதை பக்கத்திலேயே இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஒருவர் செல்பேசியைப் பார்த்தபடியும் மற்றவர் முன்கண்ணாடி வழியாகச் சாலையைப் பார்த்தபடியும் உட்காருங்கள். ஒவ்வொரு வளைவிலும் உட்காதின் அரைவட்டக் குழல்கள் ‘திரும்புகிறோம்’ என்று எட்டாம் நரம்பின் வழியாகச் சொல்கின்றன. செல்பேசியைப் பார்ப்பவரின் கண்களோ ‘எதுவும் அசையவில்லை’ என்கின்றன. இந்த முரண்பாடு முகுளத்தின் வாந்தி மையத்தைக் கிளறுகிறது. நீங்கள் ஈர்க்குச்சி விட்ட நான்காம் அறையின் தரையை ஒட்டித்தான் அது இருக்கிறது. ஓட்டுநருக்குக் குமட்டாதது ஏனென்றால், திருப்பம் வருமுன்பே அவர் மூளை அதை எதிர்பார்த்துவிடுகிறது.

மேலேறும்போது காது அடைப்பதை இதோடு சேர்த்து எழுதாதீர்கள். அது நடுக்காதின் காற்றழுத்தம், விழுங்கினால் திறந்துவிடும். நரம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

12. படமும் சுத்தமும்

மறுநாள், புத்தகத்தை மூடிவைத்து, வெட்டு முகத்தை நினைவிலிருந்து வரையுங்கள். பெயர் எழுதுவதற்கு முன் ஒவ்வொரு பகுதியையும் சரியான அளவில், சரியான திசையில் போடுங்கள். எங்கே கை நிற்கிறதோ அந்த இடத்தை மட்டும் புத்தகத்தில் பாருங்கள். படம் மனித மூளையாக இருக்க வேண்டும். சிறுமூளையைக் கீழே மடக்க மறந்து ஆட்டு மூளையை வரைந்து தருபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு.

வெட்டிய மூளையை வறுவலுக்கு அனுப்பலாமா என்று ஒவ்வொரு முறையும் யாராவது கேட்கிறார்கள். கூடாது. பல கை பட்டு, மணிக்கணக்கில் வெளியில் இருந்தது, நீலமும் கலந்திருக்கிறது. தோட்டத்தில் முழ ஆழத்தில் புதைத்து மேலே கல் வையுங்கள், இல்லையென்றால் நாய்கள் கிளறிவிடும். கத்தியையும் பலகையையும் சோப்பிட்டுக் கழுவிக் கொதிநீர் ஊற்றுங்கள். ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கூட்டம். யாருக்கும் மண்டையோட்டை மூடிபோல் எடுத்துத் தர நேரம் இருக்காது. அடுத்த பாடத்துக்கான தலைகளை வியாழக்கிழமையே சொல்லிவைத்துவிடுங்கள்.